தோணி மட்டும் நேராக இருந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்படியான கதைகளை யாராவது தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். ஜின் என்று ஒன்று இல்லை என்று சொல்ல எங்கள் மார்க்கத்தில் இடமில்லை, ஆனால் அது கமராவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். காரணம் என் தொழில். கட்டாரில் பதினொரு வருடம் கமரா திருத்தினேன், இப்போது காத்தான்குடியில் கமராவும் போனும் திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஒருமுறை ஒரு பெண் நடுங்கிக்கொண்டே வந்து, கலியாண வீட்டுப் படங்களிலெல்லாம் மௌத்தாகிப்போன மாமியார் வெள்ளையாக நிற்கிறார் என்று போனை நீட்டினார். என் சட்டை நுனியால் லென்சைத் துடைத்துக் கொடுத்தேன், மாமியார் போய்விட்டார். வெறும் விரல் எண்ணெய். எதையும் கழற்றிப் பார்த்தால் காரணம் உள்ளே இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பாடம்.

அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் நான் கோபிக்கமாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் எழுந்து போயிருப்பேன்.

கட்டாரில் என்னோடு ஒரே அறையில் இருந்த நேபாளக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, கொண்டுபோக வழியில்லாமல் தன் தொலைநோக்கியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நட்சத்திரம் பார்க்கிற வகை, நீளமான வெள்ளைக் குழாய், மூன்று கால். அதை ஊருக்குக் கொண்டுவந்து மொட்டைமாடியில் வைத்துப் பிள்ளைகளுக்கு நிலவைக் காட்டினேன். இரண்டு கிழமை பார்த்தார்கள். பிறகு மழைக்காலம் பிடித்தது, வானமே இல்லை. என் மனைவி றிபாயா அதன்மேல் ஈரத்துணி காயப்போடத் தொடங்கினாள்.

அந்த நேரத்தில்தான் தவம் கடைக்கு வந்தார். வாவிக்கு மேற்குப் பக்கம், பழுகாமத்தில் வயல் செய்கிறவர், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். போன் திரை உடைந்து கொண்டுவந்தவர், திருத்திய பிறகு போகாமல் நின்று, என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டுப் படம் காட்டினார்.

"இதப் பாருங்க நானா, கரண்டிவாயன்."

"எங்க?"

"இந்தா, இந்த வெள்ளைப் புள்ளி."

எல்லாப் படமும் அப்படித்தான். கூழைக்கடா ஒரு புள்ளி, நாரை ஒரு புள்ளி, நீர்க்காகம் கறுப்புப் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் சொன்னார், சொல்லும்போது அந்த மனிதரின் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து எனக்கு என்னவோ செய்தது. எங்கட வட்டைக்குப் பின்னால வந்து பாருங்க நானா என்றார். வட்டை என்றால் வயல்வெளி, அவருடைய வட்டை முடிகிற இடத்தில் ஓர் அணைக்கட்டு, அதற்கு அப்பால் வாவி. எனக்குத் துணி காய்கிற தொலைநோக்கி ஞாபகம் வந்தது.

அதில் கமரா மாட்டுவது நினைத்த அளவுக்கு இலேசாக இருக்கவில்லை. கண் வைத்துப் பார்க்கிற வில்லைக்குப் பின்னால் என் சிறிய கமராவை ஒரு நூல்கூட விலகாமல் நேராக நிறுத்த வேண்டும். தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றை அளவாக வெட்டி, உள்ளே கறுப்புத் தாள் ஒட்டி, இரண்டு பக்கமும் சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றி இறுக்கினேன். பட்டனை அழுத்தினால் கை நடுக்கத்தில் படம் கலங்கியது, ஆகவே அழுத்தி இரண்டு செக்கன் கழித்துத் தானாக எடுக்கும்படி வைத்தேன். ஐந்து தடவை குழாய் மாற்றிய பிறகு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் இருந்த காகத்தின் கண் தெரிந்தது. றிபாயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உன்னாணை, காகம் தலைகீழா நிக்கிதே!" என்றாள்.

நிற்கும். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், மற்றதெல்லாம் இதில்தான் இருக்கிறது. நட்சத்திரத் தொலைநோக்கியில் மேல் கீழாகவும், இடம் வலமாகவும் மாறித்தான் தெரியும். நிலவுக்கு அது பெரிய விசயமில்லை. பறவை என்றால் காலை மேலே வைத்து நிற்கும். அது பிழை இல்லை, வில்லையின் இயல்பு. கமராவையே கவிழ்த்து மாட்டலாம்தான், என் குழாயில் அதற்கு வசதி இல்லை. படத்தை எடுத்த பிறகு கணினியில் திருப்பினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம், ஒரு கிழமை விடாமல் பெய்த மழை ஓய்ந்த ஒரு பின்னேரம் பழுகாமம் போனேன். அணைக்கட்டில் தொலைநோக்கியை ஊன்றியபோது வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து வாவியில் விழுந்துகொண்டிருந்தது. அரைக் கிலோமீற்றர் தூரத்தில் கண்டல் பற்றைகள், அவற்றுக்கு முன்னால் ஒரு சேற்றுத் திட்டு, அதில் இருபது முப்பது கரண்டிவாயன்கள். கண்ணுக்கு அவை பழைய புள்ளிகள்தான். தவம் வில்லையில் கண்ணை வைத்தார்.

"நானா, அது சொண்டால தண்ணியத் துழாவிறது தெரியுது," என்றார். கண்ணை எடுக்கவில்லை. "பதினைஞ்சு வருசமா எண்ணிறன், இண்டைக்குத்தான் முகத்தைப் பார்க்கிறன்."

வெளிச்சம் இறங்கும் வரைக்கும் நாற்பது, ஐம்பது படம் எடுத்தேன். திரும்புவதற்குள் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. தவமும் அவருடைய மனைவியும் போகவிடவில்லை. றிபாயாவுக்குப் போன் எடுத்து, இரவு இங்கேதான் என்று சொல்லிவிட்டேன்.

ஏழு மணி இருக்கும், தேத்தண்ணி குடித்துக்கொண்டே மடிக்கணினியில் படங்களைப் பார்த்தோம். திருப்புவதற்குப் பொறுமை இல்லை, தலைகீழாகவே பார்த்தோம். பக்கத்து வளவு குணம் அண்ணனும் வந்திருந்தார். வாவியில் மீன் பிடிக்கிறவர், ஐம்பது வயது தாண்டியவர், சிரித்தால் வீடே அதிரும். பறவைகள் தலைகீழாக நிற்பதைப் பார்த்து, "வௌவாலைப் பிடிச்சிட்டு வந்திருக்காரு நானா" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு படம் வந்தது.

"இதில தோணி ஒண்டு நிக்கிது. வடிவா இருக்கு," என்றார் தவம்.

எனக்குத் தோணியைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை. பார்த்தேன். கரண்டிவாயன்கள் காலை மேலே வைத்து நின்றன. கண்டல் பற்றை மேலிருந்து கீழே தொங்கியது. அதற்குப் பக்கத்தில், சற்று மங்கலாக, ஒரு தோணி. வயிறு கீழே, வாய் மேலே, ஒரு தோணி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, நேராக.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். எல்லாம் தலைகீழாகத் தெரிகிற படத்தில் ஒன்று மட்டும் நேராகத் தெரிந்தால், அது உண்மையில் கவிழ்ந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

படத்தைத் திருப்பினேன். பறவைகள் ஒழுங்காக நின்றன. தோணி குப்புறக் கிடந்தது. அதன் மேல் ஒரு கை, தோளிலிருந்து விரல் வரைக்கும், குறுக்காகப் போட்டிருந்தது. தலை ஒரு கறுப்பு உருண்டை.

யாரும் சிரிக்கவில்லை. குணம் அண்ணன் உடனே போனை எடுத்து அந்தப் பக்கம் தொழிலுக்குப் போகிற நாலைந்து பேருக்கு அடித்தார். எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். எல்லாத் தோணியும் கரையில் இருந்தது.

"அந்த இடத்தில என்ட வலை மட்டும்தான் கிடக்கு நானா. அஞ்சு மணிக்குப் போட்டுட்டு வந்திட்டன். என்ட தோணி இந்தா கரையில கிடக்கு, வாங்க காட்டிறன்."

டோர்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம், கிடந்தது. வாவிப் பக்கமும் வெளிச்சம் அடித்துக் கூப்பிட்டுப் பார்த்தோம், மழைதான் தெரிந்தது. திரும்பி வந்து நான் என் தொழிலைச் செய்தேன். படம் எடுத்த நேரம் ஐந்தரை என்று இருந்தது, கமராவின் மணிக்கூடு சரியா என்று பார்த்தேன், சரி. அந்தப் படத்துக்கு முந்தியது, பிந்தியது இரண்டையும் பார்த்தேன், இடைவெளி அரை நிமிடம்கூட இல்லை. இரண்டிலும் அதே திட்டு, அதே பறவைகள், வெறுந் தண்ணீர். பழைய படம் ஏதும் கலந்திருக்குமா என்றால் கமராவின் மெமரி அட்டை அன்று காலையில் நான் புதிதாகப் போட்டது. கழற்றிப் பார்க்க உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

குணம் அண்ணனுக்குச் சிரிப்புத் திரும்பிவிட்டது. "ஒங்கட மெசினுக்குத் தோணியில மட்டும் இரக்கம் போல, அதை நேராக் காட்டுது," என்றார். வாசலில் நின்று, "விடியக்குள்ள வலை எடுக்கப் போறன், வழியில ஆரையும் கண்டா ஏத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு நித்திரை சரியாக இல்லை. போக வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? படத்தில் பார்த்தேன் என்றா? நாளைக்கு யாராவது என் கடைக்கு வந்து அப்படிச் சொன்னால் லென்சைத் துடைத்துக் கொடுத்து அனுப்புவேன்.

ஸுபஹ் தொழுதுவிட்டு, வெளிச்சம் வரும்வரை தவத்தின் விறாந்தையில் இருந்தேன். பிறகு யாரையும் எழுப்பாமல் தொலைநோக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பால் நடந்தேன். மழை விட்டிருந்தது. அணைக்கட்டில் ஏறிப் பார்த்தால், கிழக்கு வெளுத்து, வாவி முழுக்கத் தகரம் போல மினுங்கிக்கொண்டு கிடந்தது, கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று காலை ஊன்றினேன். கமராவை மாட்டவில்லை, வில்லையில் கண்ணை வைத்தேன். திட்டைக் கண்டுபிடித்தேன். காலை மேலே வைத்த கொக்குகள். அப்படியே மெல்ல நகர்த்தினேன்.

தோணி நேராக இருந்தது.

நான் சத்தம் போட்டேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. போனில் தவத்துக்கு அடித்ததும், அவர் தூக்கக் குரலில் பேசியதும், "தோணி, தோணி" என்று மட்டும் நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு அது போதுமாக இருந்தது. சில நிமிடத்தில் அவரும் இன்னொரு வீட்டுக்காரரும் ஒரு தோணியைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். எனக்கு நீந்தத் தெரியாது. அணைக்கட்டிலேயே நின்றேன்.

ஆனால் பற்றைக்குள் போனதும் அவர்களுக்குத் திசை தெரியவில்லை. தாழ்வான தோணியில் இருப்பவருக்கு முன்னால் இருக்கிற பச்சைதான் தெரியும். நான் நின்ற உயரத்திலிருந்து வில்லைக்குள் இரண்டு தோணியும் தெரிந்தன, ஒன்று தலைகீழ், ஒன்று நேர்.

"நானா, எங்கால? எங்கால போற?" தவம் போனில் கத்தினார்.

"இடது பக்கம்... இல்ல, இல்ல, வலது! வலது தவம்!"

எனக்கு இடப்பக்கமாகத் தெரிவது அவருக்கு வலப்பக்கம். ஒவ்வொரு முறையும் வாய்க்கு வருவதை விழுங்கி மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருமுறை பிழையாகச் சொல்லிவிட்டேன், அவர்கள் விலகிப் போனார்கள், தோணிமேல் கிடந்த கை வழுக்கி இறங்குவதைப் பார்த்தேன். யா அல்லாஹ், என் நாக்கைத் திருத்து என்று கேட்டேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

"வலது. நேரே. இன்னும் கொஞ்சம். இந்தா உங்களுக்கு முன்னால, பற்றைக்கு அங்கால!"

போனில் தண்ணீர்ச் சத்தம், மரம் மரத்தில் இடிக்கிற சத்தம். பிறகு தவத்தின் குரல், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"பிடிச்சிட்டம் நானா. உசிர் இருக்கு. குணம் அண்ணன்தான்."

வலை எடுக்கும்போது மழை வெள்ளத்தின் இழுவையில் தோணி புரண்டு, அவருடைய வலையே அவர் காலைச் சுற்றிவிட்டது. அவரைப் போல நீந்துகிறவர் அந்தப் பக்கத்தில் இல்லை, ஆனால் காலைக் கட்டிப்போட்டால் யார்தான் என்ன செய்வது. இன்னும் கால் மணித்தியாலம் போயிருந்தால் கை விட்டிருக்கும் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள்.

அவர் இப்போது நன்றாக இருக்கிறார், மறுபடி தொழிலுக்குப் போகிறார். அந்தப் படத்தைப் பெரிதாக அடித்துத் தரச் சொல்லி வாங்கி, வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார், தோணி நேராக இருக்கிற மாதிரி, பறவைகள் தலைகீழாக. வருகிறவர்கள் படத்தைப் பிழையாக மாட்டியிருப்பதாகச் சொன்னால் அதிரச் சிரிக்கிறார். தவம் பறவைகளை எண்ணிக் குறித்துவைக்கிற கொப்பிக்கு நான் இரண்டு வருடமாகப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். றிபாயாகூட ஒருமுறை வந்து பூநாரை பார்த்தாள். இதெல்லாம் நல்லபடிதான் முடிந்தது, அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் வைத்தியசாலையில் நடந்ததையும் சொல்லவேண்டும்.

இரண்டாம் நாள் பார்க்கப் போனேன். குணம் அண்ணன் கட்டிலில் சாய்ந்து இருந்தார், பக்கத்தில் அவருடைய மனைவி மலர் அக்கா தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். என்னை அரித்துக்கொண்டிருந்ததை முதலில் கேட்டேன். "அண்ணன், நான் அந்தப் படத்தைக் காட்டினதாலதான் வீம்புக்குப் போனீங்களா?"

"சேச்சே. வலை அங்கதானே கிடந்த. காட்டாட்டியும் போயிருப்பன். காட்டாட்டி ஆரும் பார்த்திருக்கமாட்டாங்க, அவ்வளவுதான்."

என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. மலர் அக்கா என் கையில் தோடம்பழச் சுளையை வைத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்களைக் கண்டதாலதான் நானா நான் கையை விடல்ல," என்றார் குணம் அண்ணன். "விடிஞ்சும் விடியாத நேரம் கவுந்திட்டன். கத்திப் பார்த்தன், ஒருத்தரும் இல்ல. சரி, முடிஞ்சுது எண்டு நினைக்கக்குள்ள அணைக்கட்டில பார்த்தா நீங்க மெசினோட நிக்கிறீங்க. கையை ஒசத்திக் காட்டினீங்க. ஆ, நானா கண்டிட்டாரு, ஆக்கள் வருவாங்க எண்டு பிடிச்சிட்டுக் கிடந்தன். நீங்க அசையாம என்னையே பார்த்திட்டு நிண்டீங்க."

அந்த நேரத்தில் நான் தவத்தின் விறாந்தையில் இருந்தேன். தொலைநோக்கி என் காலடியில் கிடந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்:

"மறுகா, நல்லா வெளிச்சம் வந்தாப்பொறகு, இன்னொரு மெசினைத் தோள்ல தூக்கிட்டு ஒரு ஆள் வந்து ஒங்களுக்குப் பக்கத்தில ஊண்டினாரே. அவர் ஆர் நானா? தவம் இல்ல, தவம் தோணியில வந்தவன். அவரையும் ஒருக்கா கூட்டிட்டு வாங்க, நான் கும்பிட்டுக்கணும்."

தோளில் தூக்கிக்கொண்டு வந்த அந்த இரண்டாவது ஆள் நான்.

அவரிடம் நான் இன்றுவரைக்கும் அதைச் சொல்லவில்லை. ஓம், சொல்றன் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இந்த மழைக்காலத்திலும் அதே அணைக்கட்டுக்குப் போகிறேன். பயமா என்று கேட்டால், இல்லை, சத்தியமாக இல்லை. ஆனால் விடியற்காலையில் தனியாகப் போகிற நாட்களில், மூன்று காலை ஊன்றும்போது பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் ஊன்றுகிறேன். வில்லையில் கண்ணை வைத்த பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.